உறங்காத மிடறு

மனித சரீரத்தின் வாயில்களுள் குரல்வளையைப் போல விழிப்போடு காக்கப்படுவது வேறொன்றில்லை. உண்ணும் சோறு ஒரு வழியாகவும் உயிருக்கு ஆதாரமான மூச்சு மற்றொரு வழியாகவும் பிரிந்து செல்லும் அந்தச் சந்தியில், ஒரு பருக்கை தவறி விழுந்தாலும், இருமலும் கண்ணீரும் ஒருங்கே எழுந்து அதனை வெளியே தள்ளிய பிறகே அடங்குகின்றன. புரையேறியவன் தலையில் தட்டி, யாரோ நினைக்கிறார்கள் என்று சொல்லும் நம் வீட்டுப் பெரியவர்களும் அந்தக் கலவரத்தின் வேகத்தை அறிந்தவர்களே. இத்தகைய இடத்தில் ஓர் உலோகக் கருவியை நுழைத்து, நாக்கின் அடியைத் தூக்கி, குரல் நாண்களுக்கிடையே ஒரு குழாயைச் செலுத்துவதை நோயாளி அறியாதபடி செய்வது ஒரு காரியம். அவனுடைய சரீரமும் அறியாதபடி செய்வது அதனினும் அரிய காரியம். சத்திர சிகிச்சைக்கு முன்னே கொடுக்கப்படும் முன்மருந்து என்னும் வழக்கத்தின் சரித்திரத்தில் பெரும்பகுதி, இவ்விரண்டும் வெவ்வேறு காரியங்கள் என்று வைத்தியர்கள் மெல்ல மெல்லத் தெரிந்துகொண்ட சரித்திரமே.

1846-ஆம் ஆண்டு அக்டோபர் 16-ஆம் தேதி, அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்து மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில், வில்லியம் மார்ட்டன் என்னும் பல் வைத்தியர் கில்பர்ட் அபட் என்ற இளைஞனுக்கு ஈதர் ஆவியை முகரக் கொடுக்க, ஜான் காலின்ஸ் வாரன் என்னும் முதிய சத்திர வைத்தியர் அவனுடைய தாடைக்குக் கீழே கழுத்திலிருந்த கட்டியை அறுத்தார். அன்று கூடியிருந்தோர் கண்டது கத்தி பட்டும் கதறாத ஒரு மனிதனை. ஆகவே நினைவு போனால் நோவு போகும், நோவு போனால் சரீரத்தின் தவிப்பும் போகும் என்று அவர்கள் முடிவு செய்தது இயல்பே. அம்முடிவின் முற்பாதி மெய். பிற்பாதி மெய்யன்று என்பது தெளிவாக ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு ஆயிற்று.

முதல் எச்சரிக்கை இரண்டாண்டு கழிவதற்குள்ளேயே வந்தது. எடின்பரோவில் ஜேம்ஸ் யங் சிம்சன் 1847 நவம்பரில் வழக்கத்துக்குக் கொண்டுவந்த குளோரோபாரம், ஈதரைவிட இனிய மணமும் விரைந்த செயலும் உடையதாகையால், வெகு சீக்கிரத்தில் பிரசித்தி பெற்றது. 1848 ஜனவரி 28-ஆம் தேதி, இங்கிலாந்தின் வடபகுதியில் நியூகாசிலுக்கு அருகேயுள்ள வின்லேட்டன் என்னும் ஊரில், ஹன்னா கிரீனர் என்ற 15 வயதுப் பெண் கால் விரல் நகம் ஒன்றை எடுப்பதற்காக அதனை முகர்ந்து, சில நிமிஷங்களுக்குள் இறந்துபோனாள். சில மாதங்களுக்கு முன் ஈதரின் உதவியால் மற்றொரு நகத்தை ஆபத்தின்றி எடுத்துக்கொண்டவள் அவள். ஆயினும் இம்முறை சிகிச்சையை எண்ணி முன்னரே பெரிதும் நடுங்கி அழுதிருந்தாள். அவளைத் தெளிவிக்கும் நோக்கத்தோடு வாயில் ஊற்றிய தண்ணீரும் பிராந்தியும் தொண்டையை அடைத்ததே மரணத்துக்குக் காரணம் என்று சிம்சன் வாதாடினார். மருந்து இருதயத்தை நிறுத்தியதே காரணம் என்று லண்டனில் ஜான் ஸ்நோ கருதினார். அந்தப் பெண்ணின் அச்சத்தை ஒரு காரணமாக எடுத்து நிறுத்தி ஆராயும் சாதனங்கள் அக்காலத்தில் இல்லை.

இந்த வழக்கு நம் தேசத்துக்கும் வந்து சேர்ந்தது. ஹைதராபாத்தில் ஆங்கில ரெசிடென்சியின் சத்திர வைத்தியராக இருந்த எட்வர்ட் லாரி, குளோரோபாரத்தால் வரும் ஆபத்தெல்லாம் மூச்சு நின்று போவதால் வருவதேயன்றி இருதயம் நின்று போவதால் வருவதன்று என்னும் எடின்பரோச் சித்தாந்தத்தைப் பிடிவாதமாகப் பற்றியவர். நாடியைத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டியதில்லை, மூச்சை மட்டும் கவனித்தால் போதும் என்பது அவர் மாணவர்களுக்குப் போதித்த பாடம். நிஜாமின் பொருளுதவியால் 1888-இல் ஒரு குழுவும், அதன் முடிவை லண்டன் வைத்தியர்கள் ஏற்காமற்போகவே 1889-இல் லாண்செட் பத்திரிகையின் சார்பில் லாடர் பிரண்டன் வந்து கலந்துகொண்ட இரண்டாவது குழுவும், நூற்றுக்கணக்கான பிராணிகளின்மேல் பரீட்சை நடத்தி, மூச்சே முதலில் நிற்கிறது என்று தீர்ப்புக் கூறின. சந்தேகத்தோடு வந்த பிரண்டனும் அத்தீர்ப்புக்கு உடன்பட்டார். ஒரு சுதேச சமஸ்தானத்தின் கஜானாவிலிருந்து வந்த பணம் உலக வைத்தியத்தின் பெரிய விவாதமொன்றைத் தீர்த்துவைக்க முயன்றது என்று நாம் பெருமைப்படலாம். தீர்ப்புத் தவறானது என்பதையும் அதனோடு ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

தவறு எங்கே இருந்தது என்பதை 1911-இல் லண்டனில் குட்மன் லீவி காட்டினார். பூனைகளுக்குக் குளோரோபாரத்தை மிகுதியாகக் கொடுத்து ஆழ்ந்த மயக்கத்தில் வைத்தபோது இருதயம் தாங்கியது. மருந்தைக் குறைத்து இலேசான மயக்கத்தில் வைத்துக்கொண்டு, சிறிதளவு அட்ரினலினை இரத்தத்தில் செலுத்தியபோதோ, இருதயத்தின் கீழறைகள் ஒழுங்கிழந்து துடிதுடித்து நின்றுபோயின. அதுவரை அதிக மருந்தால் ஆபத்து என்று எண்ணியிருந்தவர்கள், குறைந்த மருந்தும் மிகுந்த கிளர்ச்சியும் சேரும் நேரமே கொடியது என்று உணரலாயினர். அட்ரினலின் வெளியிலிருந்து ஊசி வழியாகத்தான் வரவேண்டும் என்பதில்லை. அஞ்சி நடுங்குகிறவனுடைய சிறுநீரகங்களின் மேலே இருக்கும் இரண்டு சுரப்பிகளே அதனைத் தாராளமாகச் சுரந்துவிடும். வின்லேட்டனில் அழுதுகொண்டிருந்த பெண்ணின் மரணத்துக்கு இன்று பெரும்பாலோர் கூறும் விளக்கமும் இதுவே.

அந்தச் சுரப்பிகளின் இரகசியத்தை வெளிப்படுத்தியவர்களுள் ஒருவர் எட்வர்ட் ஷேபர் என்னும் உடலியல் அறிஞர். ஜார்ஜ் ஆலிவர் என்ற ஊர்ப்புற வைத்தியர் சுரப்பிச் சாற்றோடு லண்டனில் அவருடைய சோதனைச் சாலைக்கு வந்தபோது, அதில் ஒரு துளி இரத்தத்தில் கலந்ததும் பிராணியின் இரத்த அழுத்தம் மேலே மேலே ஏறுவதை இருவரும் 1894-ஐ ஒட்டிய காலத்தில் கண்டனர். 1901-இல் ஜப்பானியரான ஜோக்கிச்சி தகமினே, அமெரிக்காவில் அப்பொருளைத் தூய படிகமாகப் பிரித்தெடுத்தார். இதில் சுவாரசியமான செய்தி ஒன்று உண்டு. இதே ஷேபர், ஆலிவர் தம்மிடம் வருவதற்கு ஏறக்குறைய 14 ஆண்டுகளுக்கு முன்பே, குளோரோபாரம் கொடுக்குமுன் அட்ரோபின் கொடுப்பது நல்லது என்று சிபாரிசு செய்தவர். மூளையின் அடியிலிருந்து தொண்டை வழியாக மார்புக்கும் வயிற்றுக்கும் இறங்கிச் செல்லும் வேகஸ் என்னும் நரம்பு, தூண்டப்பட்டால் இருதயத்தை மெதுவாக்கும், சில சமயம் நிறுத்தியும் விடும் என்பதும், அந்நரம்பின் கட்டளையை அட்ரோபின் தடுத்துவிடும் என்பதும் அவருடைய வாதம். இருதயத்தை அடக்கும் கடிவாளத்தை ஒருமுறையும், அதனை விரட்டும் சாட்டையை மறுமுறையும் ஆராய்ந்தவர் அவர். இரண்டும் ஒரே தொண்டையில் ஒரே கணத்தில் இழுபடக்கூடும் என்பதை மற்றவர்கள் பின்னால் கண்டறிந்தார்கள்.

முன்மருந்து என்னும் வழக்கம் இவ்வாறு இரண்டு மூன்று ஊற்றுகளிலிருந்து வந்து கூடிய ஒன்று. அபினிலிருந்து ஸெர்டூர்னர் என்ற ஜெர்மானிய மருந்து வியாபாரி பிரித்தெடுத்த மார்பியாவை, 1850-களில் எடின்பரோவில் அலெக்ஸாண்டர் வுட் வழக்கத்துக்குக் கொண்டுவந்த ஊசியால் தோலுக்கடியில் செலுத்தும் முறை வந்த பிறகு, அதனைக் குளோரோபாரத்தோடு சேர்த்துப் பார்க்க வைத்தியர்களுக்கு ஆசை பிறந்தது. பாரிஸில் கிளாட் பெர்னார், மார்பியா பெற்ற நாய் குறைந்த குளோரோபாரத்தாலேயே நோவறியாமல் கிடப்பதை 1860-களில் கண்டார். லியோன் நகரத்தில் தாஸ்த்ர், மோரா என்னும் இருவர் மார்பியாவையும் அட்ரோபினையும் இணைத்துக் கொடுக்கும் முறையை நிலைநாட்டினர். 1900-ஐ ஒட்டி ஜெர்மனியில் ஸ்கோபலமின் அட்ரோபினின் இடத்துக்குப் போட்டியாக வந்தது. நம் ஊர்ப் புறம்போக்குகளில் மண்டிக் கிடக்கும் ஊமத்தையில் உறைந்திருக்கும் நச்சுகளே இந்த அட்ரோபினும் ஸ்கோபலமினும். கொல்லும் பொருளை அளவறிந்து காக்கும் பொருளாக்குவது எல்லா நாட்டு வைத்தியத்துக்கும் பொதுவான சாமர்த்தியம். ஈதர் முகர்ந்தவர்களுக்கு உமிழ்நீரும் கோழையும் பெருகி மூச்சை அடைக்குமாதலால், வாயை வறளச் செய்யும் இம்மருந்துகள் இல்லாமல் ஈதர் கொடுக்கலாகாது என்பது அரை நூற்றாண்டுக் காலம் மாற்ற முடியாத விதியாக இருந்தது. சத்திர அறைக்குத் தள்ளுவண்டியில் செல்லும் நோயாளி, அரைத் தூக்கத்தோடும் உலர்ந்த நாவோடும் செல்வதே முறை என்று நர்சுகளும் எண்ணினர். நோயாளிகளும் அதனை எதிர்பார்த்தனர்.

இனித் தொண்டையை நோக்குவோம். உயிருள்ள மனிதனுடைய குரல் நாண்கள் அசைவதைத் தெளிவாகக் கண்டு உலகுக்குச் சொன்னவர் வைத்தியரல்லர், சங்கீத ஆசிரியர். மானுவல் கார்ஸியா என்னும் ஸ்பானியர், 1854-இல் பாரிஸில், பல் வைத்தியரின் நீண்ட காம்புடைய சிறு கண்ணாடியைத் தம் தொண்டையின் பின்புறத்தில் வைத்து, கையிலிருந்த மற்றொரு கண்ணாடியால் சூரிய ஒளியை அதன்மேல் செலுத்தி, தம் குரலின் உற்பத்தி ஸ்தானத்தைத் தாமே கண்டார். அடுத்த ஆண்டு லண்டன் ராயல் சொசைட்டியில் அது படிக்கப்பட்டது. 101 வயது வாழ்ந்த அப்பெரியவரை அவருடைய நூறாவது பிறந்த நாளில் உலகத்துத் தொண்டை வைத்தியர்கள் கூடிக் கொண்டாடினர். கண்ணாடி தொண்டையில் பட்டும் குமட்டாமல் இருக்க அவரால் முடிந்தது, பாடகருக்குரிய நெடும் பயிற்சியினாலேயே என்று நான் நினைக்கிறேன். சாதாரண மனிதனுக்கு அது எளிதன்று. ஆதலால் வைத்தியர்கள் அக்கண்ணாடியைக் கையில் எடுத்தபோது, நோயாளியின் தொண்டையோடு நாள்தோறும் போராட வேண்டியதாயிற்று.

அந்தப் போராட்டத்தின் கடுமையை அறிய, கிளாஸ்கோ நகரத்தில் வில்லியம் மக்யூவன் செய்ததைப் பார்த்தால் போதும். நாக்கின் அடியில் புற்று கண்ட ஒருவருக்குச் சிகிச்சை செய்ய வேண்டியிருந்தது. அறுக்கும்போது இரத்தம் மூச்சுக்குழலுக்குள் இறங்கினால் நோயாளி மூச்சு முட்டி இறப்பார். கழுத்தைத் துளைத்துக் குழாய் வைப்பதே அக்கால வழக்கம். மக்யூவனோ, 1878-ஆம் ஆண்டு ஜூலை 5-ஆம் தேதி, கழுத்தைத் துளையாமல், நோயாளி முழு விழிப்போடு இருக்கும்போதே தம் விரலை அவருடைய தொண்டைக்குள் செலுத்தி, குரல்வளை மூடியை அழுத்திப் பிடித்து, கண்ணால் காணாமல் தொடுவுணர்ச்சி ஒன்றையே துணையாகக் கொண்டு ஒரு குழாயை மூச்சுக்குழலுக்குள் இறக்கினார். அதன் வழியாகக் குளோரோபாரம் செல்ல, குரல்வளையின் வாயைப் பஞ்சால் அடைத்துவிட்டுச் சிகிச்சையைச் செய்து முடித்தார். தொண்டையை மட்டும் மரத்துப்போகச் செய்யும் மருந்து எதுவும் அப்போது இல்லை என்பதை நினைவில் வைத்துக்கொண்டால்தான் அந்த நோயாளியின் பொறுமை விளங்கும். இந்தச் சாதனையைப் புகழும் நூல்கள் யாவும் வைத்தியரின் விரலைப் புகழ்கின்றன. என் வரையில் பாதிப் புகழ் அந்த விரலைக் கடிக்காதிருந்தவருக்கும் உரியது.

ஆறு ஆண்டு கழித்து நிலைமை மாறிற்று. 1884-இல் வியன்னாவில் கார்ல் கோல்லர் கொக்கேயின் கரைசலைக் கண்ணில் விட்டு அதன் உணர்வைப் போக்க முடியும் என்று காட்டியதும், அதே நகரத்தில் யெலினெக் என்பவர் அதனைத் தொண்டையிலும் குரல்வளையிலும் தடவிப் பார்த்தார். நுனி நரம்புகள் மரத்துப் போயின; இருமல் அடங்கிற்று. 1895 ஏப்ரலில் பெர்லினில் ஆல்பிரட் கிர்ஸ்டைன், கண்ணாடியின் உதவியின்றி, தட்டையான கருவியொன்றால் நாக்கைத் தூக்கிக் குரல்வளையை நேரே பார்த்தார். 1897-இல் குஸ்டாவ் கில்லியன் ஒரு விவசாயியின் மூச்சுக் கிளையில் சிக்கியிருந்த எலும்புத் துண்டைக் குழாய் வழியே எடுத்தார். பிற்பாடு அவரே நோயாளியின் வாயில் மாட்டிய கருவியை ஒரு தாங்கியில் தொங்கவிட்டு, இரண்டு கைகளும் ஒழிவாக இருக்கத் தொண்டையில் வேலை செய்யும் முறையையும் வகுத்தார். பிலடெல்பியாவில் செவாலியர் ஜாக்சன் தம் வாழ்நாளில் எடுத்துச் சேர்த்த ஊக்குகளும் காசுகளும் பொத்தான்களுமாகிய 2,374 பொருள்கள் இன்றும் அந்நகரத்து மியூட்டர் காட்சிசாலையில் இருக்கின்றன. குழந்தைகளுக்குத் தொண்டையைப் பார்க்க மயக்க மருந்தே வேண்டியதில்லை என்பது ஜாக்சனின் கொள்கை. கைவன்மை மிகுந்தவர் அவ்வாறு சொல்லலாம். குழந்தையைக் கேட்டால் வேறு பதில் கிடைத்திருக்கும்.

குழந்தைகளுடைய அச்சத்தையல்ல, பெரியவர்களுடைய அச்சத்தையே சத்திர சிகிச்சையின் பிரதான எதிரி என்று முதன்முதலில் உரக்கச் சொன்னவர், அமெரிக்காவில் கிளீவ்லண்ட் நகரத்து ஜார்ஜ் கிரைல். கழுத்திலுள்ள தைராய்டு சுரப்பி மிகுந்து சுரந்து, நாடி ஓயாமல் அடித்துக்கொண்டும் கைகள் நடுங்கிக்கொண்டும் வரும் நோயாளிகள், சிகிச்சை என்ற பேச்சைக் கேட்ட மாத்திரத்திலேயே நிலைகுலைந்து, சிலர் மேஜைக்கு வருமுன்னரே இறப்பதை அவர் கண்டார். ஆகவே அத்தகைய நோயாளிக்குச் சிகிச்சை நாள் எதுவென்றே சொல்லாமல், தினந்தோறும் படுக்கையிலேயே முகமூடியை வைத்து வெறும் நறுமணத்தை முகரப் பழக்கி, ஒரு நாள் காலையில் மார்பியாவும் ஸ்கோபலமினும் கொடுத்து, அதே முகமூடியின் வழியாக மெய்யான மயக்க வாயுவைச் செலுத்தி, அவர் அறியாமலே சுரப்பியை எடுத்துவிடுவார். சுரப்பியைத் திருடுவது என்றே அம்முறையை வைத்தியர்கள் வேடிக்கையாக அழைத்தனர். அதோடு அவர் நிற்கவில்லை. நோயாளி உறங்கிய பின்பும், அறுக்கப்போகும் இடத்தில் மரப்பு மருந்தை ஊசியால் செலுத்தினார். உறங்குகிறவனுடைய மூளைக்கும் காயத்தின் செய்தி நரம்பு வழியாகச் சென்றுகொண்டேயிருக்கிறது, அச்செய்தியை வழியிலேயே மறிக்க வேண்டும் என்பது அவருடைய வாதம். அச்சத்துக்கு ஒரு தடை, நரம்புக்கு ஒரு தடை, நினைவுக்கு ஒரு தடை என்று மூன்றையும் சேர்த்து அவர் 1914-இல் நூலாகவே வெளியிட்டார். வால்டர் கானன் ஹார்வர்டில் அச்சத்தாலும் சினத்தாலும் அட்ரினலின் பெருகுவதை ஆராய்ந்து 1915-இல் வெளியிட்ட புகழ்பெற்ற நூல், கிரைலின் கைப்பழக்கத்துக்கு ஒரு சாஸ்திர ஆதாரம் போல அமைந்தது. கிரைலின் தத்துவங்களில் பல பின்னால் கைவிடப்பட்டன. ஆனால் வீட்டார் உறங்கினாலும் வாயிற்காவலன் உறங்குவதில்லை என்ற அடிப்படையை அவர் பிடித்துவிட்டார் என்றே சொல்லவேண்டும்.

முதல் உலக யுத்தம் தொண்டைக் குழாயை அன்றாடப் பொருளாக்கியது. முகம் சிதைந்து வந்த சிப்பாய்களுக்கு இங்கிலாந்தில் சிட்கப் என்ற இடத்தில் ஹரால்டு கில்லீஸ் புதிய மூக்கும் தாடையும் அமைத்தபோது, முகமூடி வைக்க முகமே இல்லாதிருந்ததால், ஐவன் மாகில், ஸ்டான்லி ரோபாதம் என்னும் இருவர் மூக்கு வழியாகவும் வாய் வழியாகவும் மூச்சுக்குழலுக்குள் ரப்பர் குழாய்களைச் செலுத்தும் கலையைத் தேர்ச்சியாக வளர்த்தனர். எனினும் அக்காலத்து மயக்கம் ஈதரால் ஆன ஆழ்ந்த மயக்கம். குரல்வளை தளர்ந்து வாய் திறக்கும் அளவுக்கு ஆழ்ந்தபோது, இருதயத்தின் பதிலும் பெரும்பாலும் அமுங்கிக் கிடந்தது. ஆபத்து வெளிப்படாமல் மறைந்திருந்ததற்கு இந்த ஆழமே காரணம்.

அந்த ஆழம் குறைய வேண்டும் என்ற விருப்பம் ஆக்ஸ்போர்டில் ராபர்ட் மாக்கின்டாஷுக்கு இருந்தது. 1943-இல் அவர் வெளியிட்ட வளைந்த தகடு, இன்று உலகத்துச் சத்திர அறைகளில் பெரும்பாலானவற்றில் இருப்பது. அதன் வளைவுக்கு அவர் கூறிய காரணம் கவனிக்கத்தக்கது. பழைய நேர்த்தகடு குரல்வளை மூடியின் பின்புறத்தைத் தூக்கிப் பிடிக்கும். அப்பகுதியின் உணர்வு வேகஸின் கிளையொன்றைச் சேர்ந்தது. வளைந்த தகட்டின் நுனியோ நாக்கின் அடிக்கும் மூடிக்கும் இடையேயுள்ள பள்ளத்தில் தங்கிவிடும்; மூடியைத் தொடாமலே தூக்கும். ஆதலால் மயக்கம் இலேசாக இருந்தாலும் தொண்டை முரண்டு செய்யாது என்பது அவருடைய கருத்து. ஒரு கருவியின் உருவத்தையே நரம்பின் கோபத்துக்கு அஞ்சி வகுத்தவர் என்று அவரைச் சொல்லலாம்.

இதற்கிடையில் மயக்கத்தின் இயல்பே மாறிவிட்டது. 1934-இல் தயோபென்டோன் வந்தது. இரத்த நாளத்தில் போடும் ஊசியால் அரை நிமிஷத்தில் உறக்கம். 1942 ஜனவரி 23-ஆம் தேதி மாண்ட்ரியலில் ஹரால்டு கிரிபித்தும் ஈனிட் ஜான்சனும், தென்னமெரிக்க வேடர்கள் அம்பில் தடவும் குராரே நஞ்சை நோயாளிக்குக் கொடுத்துத் தசைகளைத் தளரச் செய்தனர். இனி ஆழ்ந்த ஈதர் வேண்டியதில்லை. இலேசான உறக்கமும் தளர்ந்த தசையும் போதும். இருமல் இல்லை, அசைவு இல்லை, தகடு சுகமாக உள்ளே போயிற்று. வெளியே அமைதி நிலவியது. ஆனால் உள்ளே நடந்தது வேறு. தசையை மட்டும் கட்டிப் போட்ட அந்த நஞ்சு, இருதயத்துக்குச் செல்லும் செய்தியைக் கட்டவில்லை. மூச்சுப்பாதையின் உறுத்தலால் இருதயம் பாதிக்கப்படுவதை 1940-இல் ரீட், பிரேஸ் என்பவர்களும், குழாய் செலுத்தும்போது இருதய மின்வரைவு மாறுவதை 1950-இல் பர்ஸ்டீனும் அவர் கூட்டாளிகளும் எழுதினர். 1951-இல் கிங் முதலானோர், இலேசான மயக்கத்திலிருந்த நோயாளிகளின் தொண்டையில் தகடு புகுந்தவுடன் இரத்த அழுத்தமும் நாடியும் பாய்ந்து ஏறுவதையும், ஆழ்ந்த மயக்கத்தில் அந்த ஏற்றம் அடங்குவதையும் முறையாக அளந்து வெளியிட்டனர். குழாய் உள்ளே செல்லும் வரை காத்திருக்க வேண்டியதில்லை, தகட்டால் தூக்குவதே போதும் என்பதும் தெளிவாயிற்று. சில விநாடிகளில் தொடங்கி, ஒன்றிரண்டு நிமிஷத்தில் உச்சத்துக்குப் போய், சுமார் ஐந்து நிமிஷத்தில் தணியும் இந்தப் புயலை நல்ல இருதயம் பொறுத்துக்கொள்ளும். இருதய நாளங்கள் குறுகியவர்களுக்கும், மூளையில் இரத்தக்குழாய் புடைத்திருப்பவர்களுக்கும் அந்த ஐந்து நிமிஷம் உயிர்ப் பிரச்சினை. குழந்தைகளிடத்திலோ வேகஸின் கை ஓங்குவதால் நாடி ஏறுவதற்குப் பதிலாக இறங்கிவிடுவதும் உண்டு. ஷேபரின் அட்ரோபினுக்கு இன்றுவரை மதிப்பு இருப்பது பெரும்பாலும் அதனால்தான்.

முதல் நாள் இரவில் உறக்க மாத்திரையும் காலையில் மார்பியாவும் கொடுத்துவிட்டோமே, அது போதாதா என்ற கேள்வி இங்கே எழும். போதவில்லை. பழைய முன்மருந்து மனத்தை நோக்கி எய்யப்பட்டது. இந்தப் புயல் மனத்துக்குக் கீழே, மூளைத் தண்டில் எழுவது. இதனை வேறு வழியில் புரிந்துகொண்டவர் பிரெஞ்சுக் கடற்படைச் சத்திர வைத்தியரான ஆன்ரி லாபோரி. சரீரம் தாக்குதலுக்குக் காட்டும் எதிர்ப்பே சரீரத்தை அழிக்கிறது, ஆகையால் அந்த எதிர்ப்பையே முன்கூட்டி ஒடுக்கிவிட வேண்டும் என்று கருதி, அவர் பல மருந்துகளைக் கலந்து கொடுத்துப் பார்த்தார். 1951-52-இல் அக்கலவையில் குளோர்ப்ரோமஸின் என்ற புதுப்பொருளைச் சேர்த்தபோது, நோயாளிகள் விழித்திருந்தும் எதிலும் பற்றில்லாமல் அமைதியாக இருப்பதைக் கண்டு, மனநோய் வைத்தியர்கள் இதனைப் பார்க்க வேண்டும் என்று வற்புறுத்தினார். 1952-இல் பாரிஸ் செயின்ட் ஆன் மருத்துவமனையில் டிலேயும் டெனிக்கரும் அதனை மனநோயாளிகளுக்குக் கொடுத்ததிலிருந்து மனநோய் வைத்தியத்தின் நவீன யுகம் தொடங்கிற்று. சத்திர அறையின் வாசலுக்காகத் தேடிய முன்மருந்தொன்று உலகத்துப் பைத்தியக்கார விடுதிகளின் கதவுகளைத் திறந்துவிட்டது. வைத்திய சரித்திரத்தில் இதைவிட எதிர்பாராத திருப்பம் அதிகம் இல்லை.

மனத்தின் பங்கும் பொய்யாகிவிடவில்லை. மார்ட்டன் ஈதர் கொடுத்த அதே பாஸ்டன் மருத்துவமனையில், 1963-இல் லாரன்ஸ் எக்பர்ட்டும் அவர் துணைவர்களும் ஒரு பரீட்சை செய்தனர். சில நோயாளிகளுக்குப் பென்டோபார்பிட்டல் ஊசி. சிலருக்கு, மயக்க மருத்துவர் முதல் நாளே வந்து, மறுநாள் என்னென்ன நடக்கும் என்று அமரிக்கையாகச் சொல்லிச் சென்ற ஒரு சந்திப்பு. ஊசி பெற்றவர்கள் தூங்கி வழிந்தார்கள், ஆனால் அமைதியடையவில்லை. பேச்சைக் கேட்டவர்கள் விழித்திருந்தார்கள், அமைதியாக இருந்தார்கள். 2015-இல் பிரான்சு தேசத்தில் 1,062 நோயாளிகளைக் கொண்டு நடந்த பரீட்சையிலும் லோரஸெபம் மாத்திரை நோயாளியின் திருப்தியை உயர்த்தவில்லை. பழைய நாள் முன்மருந்து இன்று பல மருத்துவமனைகளில் மறைந்து வருவதற்கு இவையும் காரணம்; எரியும் ஈதர் ஒழிந்து, உமிழ்நீர் பெருகும் தொல்லையும் ஒழிந்தது மற்றொரு காரணம்.

தொண்டையின் புயலை அடக்க வந்த மருந்துகளின் பட்டியல் நீண்டது, விரிக்க வேண்டியதில்லை. கொக்கேயின் இருந்த இடத்துக்கு, ஸ்வீடனில் 1943-இல் லோப்கிரன் ஆக்கிய லிக்னோகெயின் வந்தது. 1960-இல் பால் யான்சன் ஆக்கிய பென்டனில், இருதயத்தின் வேகத்தைத் தணிக்கும் ஜேம்ஸ் பிளாக்கின் ப்ரோப்ரனலால், இருதயத்தை விரட்டும் பரிவு நரம்பை மூளையிலிருந்தே அடக்கும் குளோனிடின் ஆகியவை ஒவ்வொன்றாகப் பின்தொடர்ந்தன. நீடித்த வேதனைக்குரிய இடம் குரல்வளையின் நுண்சிகிச்சையே. கொலோன் நகரத்தில் கிளைன்சாஸர் 1960-களில் தொங்கும் கருவியோடு நுண்ணோக்கியை இணைத்த பிறகு, குரல் நாணில் கடுகளவு முடிச்சை எடுக்கும் வேலையிலும், நாக்கின் அடி முழு நேரமும் இரும்பால் தூக்கப்பட்டேயிருக்கும். வெட்டுவது கடுகளவு, தூண்டுதல் மலையளவு. வேலையோ சட்டென முடிந்துவிடும். நோயாளி உடனே இருமவும் மூச்சுவிடவும் விழித்தாக வேண்டும். அதிக மருந்து கொடுத்தால் விழிக்கமாட்டார், குறைத்துக் கொடுத்தால் இருதயம் தாங்காது. 1996-இல் வழக்கத்துக்கு வந்த ரெமிபென்டனில், இரத்தத்திலேயே சிதைந்து சில நிமிஷங்களில் மறைந்துவிடும் இயல்பால், இந்த இக்கட்டுக்கு ஏற்றதாயிற்று. 1980-களில் ஆர்ச்சி பிரெயின் அமைத்த, குரல் நாண்களைக் கடக்காமல் குரல்வளையின் வாயில் மட்டும் அமரும் முகமூடி, வேறு பல சிகிச்சைகளில் தொண்டையைத் தகட்டால் தூக்கும் தேவையையே போக்கிற்று.

கடைசியாக ஒரு செய்தி. இரத்த அழுத்த நோய்க்கு மருந்து உண்பவர்கள் சத்திர சிகிச்சைக்கு முன் அதனை நிறுத்திவிட வேண்டும் என்று 1950-களில் வைத்தியர்கள் சொன்னார்கள். மயக்கத்தின்போது அழுத்தம் மிகவும் இறங்கிவிடும் என்ற பயம் அவர்களுக்கு. 1971-இல் ஆக்ஸ்போர்டில் ப்ரிஸ் ராபர்ட்ஸும் துணைவர்களும் செய்த ஆராய்ச்சி, மருந்தால் கட்டுப்படாத அழுத்தம் உள்ளவர்களுக்கே குழாய் செலுத்தும் நேரத்தில் ஏற்றமும் அபாயமும் மிகுதி என்று காட்டி அப்பழக்கத்தை ஒழித்தது. ஆனால் சிகிச்சைக்கு முன் தாமாகவே மாத்திரையை நிறுத்திக்கொள்ளும் நோயாளிகள் இன்னும் ஒழிந்துவிடவில்லை. தொண்டையிலோ வேறெங்கோ சிகிச்சை செய்துகொள்ளப் போகும் வாசகர்களை நான் வேண்டிக்கொள்வது இதுதான்: உண்டுவரும் மாத்திரைகளுள் எதனை அன்று காலை ஒரு மிடறு நீரோடு விழுங்க வேண்டும், எதனை ஒரு நாள் விட வேண்டும் என்பதை மயக்க மருத்துவரிடமே கேளுங்கள்; முதல் நாள் அவர் உங்கள் படுக்கையருகே வந்து பேசும்போது, உங்களுக்குள்ள நோய்களோடு உங்களுக்குள்ள பயத்தையும் ஒளிக்காமல் சொல்லிவிடுங்கள்.